மாசியில் கட்டிய காப்பு

சத்துணவுக் கூடத்தின் புகை படிந்த சுவரில், அரிசி மூட்டைக்கு மேலே, சாக்பீஸால் எழுதிய செல்போன் எண்கள் வரிசையாக இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் இருக்காது, படம்தான் இருக்கும். ஒன்றுக்கு ஆடு, ஒன்றுக்குத் தென்னை மரம், ஒன்றுக்குக் குடை, ஒன்றுக்கு வெறும் மீசை. எங்கள் பள்ளியின் சமையலக்காவுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. ஊரை விட்டு வேலைக்குப் போன ஒவ்வொரு வீட்டையும் அவர் அப்படித்தான் சுவரில் குறித்து வைத்திருந்தார். மீசை யாருடையது என்று ஒரு நாள் கேட்டேன். "நம்ம பூசாரி மவன் சார். மீச மொளைக்கறதுக்கு முன்னாடியே முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சவன்" என்றார். அந்த ஊரில் நான் ஒன்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அக்கா யாரென்று தெரிந்துவிடும். 'என்னய எதுக்குங்க சார் எழுதறீங்க' என்று சண்டைக்கு வருவார். ஏரியூர் ஒன்றியத்தில், காட்டோரமாக, தார்ச்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இண்டூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, மேலே யாருக்கோ என்மேல் கோபம் என்றுதான் தோன்றியது. கூட்டுரோடு வரைக்கும் பேருந்து. அதற்கப்புறம் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. கோடையில் அது வெறும் மணல், ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர். சத்துணவு அரிசியைக்கூட லாரிக்காரர் கூட்டுரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, நிலக்கடலை, கொஞ்சம் சாமை. கிணறு உள்ளவர்கள் குச்சிக்கிழங்கு வைப்பார்கள், விளைந்தால் அதை ஏற்ற லாரி வராது. கறவை மாடு வைத்திருந்தால் பால் வண்டி வராது. கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு கூட்டுரோட்டுக்கு நடப்பதற்குள் வெயில் ஏறிப் பால் கெட்டுவிடும். ஆகவே கடலை பிடுங்கி முடிந்ததும் முக்கால்வாசி ஊர் பெங்களூருக்குக் கிளம்பிவிடும். கம்பி கட்ட, சென்ட்ரிங் அடிக்க, செங்கல் சுமக்க. வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். சிலர் மழை பார்த்து விதைத்து, அறுவடை வரைக்கும் இருப்பார்கள். காணி நிலம்கூட இல்லாதவர்கள் திருவிழா முடிந்த மறுநாளே பஸ் ஏறுவார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் மகனும் இந்த இரண்டாவது கூட்டம். அவர் கம்பி கட்டுபவர், கல்யாண வயதில் இருந்த மகன் சென்ட்ரிங் வேலை.

போகிறவர்கள் வீட்டுச் சாவியை அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அக்கா ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் திறந்து, ஒரு விளக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டுவார். இரண்டு தெருவையும் முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். விளக்கு எரிந்த வீட்டை யாரும் காலி வீடு என்று சொல்லக் கூடாது. அது அந்த ஊரில் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டம் தெரியாமல்தான் கடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான் திண்டாடினேன். அந்த ஊரும், சுற்றிக் காட்டுக்குள் ஒன்றிரண்டு வீடுகளாகச் சிதறிக் கிடக்கும் கொட்டாய்களும் என் பொறுப்பு. முதலில் வீட்டுப் பட்டியல் எடுத்தபோது சிக்கலே இல்லை. சுவர் மண்ணா செங்கல்லா, கூரை ஓடா ஓலையா சிமெண்ட் ஷீட்டா, தரை சாணமா சிமெண்டா, தண்ணீர் எங்கிருந்து, அடுப்பு எரிப்பது எதை வைத்து. வீடுகள் எங்கேயும் ஓடிப்போகாது, நின்ற இடத்தில் நின்று பதில் சொல்லும். தலைக்கணக்கு மாசி மாதத்தில் வந்தது. பூட்டிய ஒரு வீட்டு முன்னால் நின்று, ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவரிடம், "இந்த வூட்டுல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டேன். "இருக்காங்களே, அஞ்சு பேரு" என்றார். எழுதத் தொடங்கிவிட்டேன். "எங்க, காட்டுக்குப் போயிருக்காங்களா?" என்றதற்கு, "இல்லீங்க, பெங்களூர்ல இருக்காங்க" என்றார். எழுதியதை அடித்தேன். அடுத்த வீட்டுக்கும் அதே பதில், அதற்கடுத்த வீட்டுக்கும் அதே பதில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவரோ, இந்த வாத்தியாருக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு ஆட்டுக்குப் பின்னால் நடந்தார்.

கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கூட்டுரோட்டு டீக்கடையில் ஓர் ஓவர்சீயரைப் பார்த்தேன். குறிப்பிட்ட ஆள்தொகைக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும்தான் தார்ச்சாலை, அந்தத் தொகையை இந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுப்பார்கள் என்று அவர் சொன்னார். "ஒரு தல கொறஞ்சாலும் ஃபைல் திரும்பிரும் சார். அப்பறம் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான்." முதல் சுற்று முடிந்தபோது என் படிவத்தில் அவர் சொன்ன தொகையில் பாதிகூடத் தேறவில்லை.

மறுநாள் மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது. "ரோடு வந்தா பால் வண்டி வருமில்லீங்க சார்?" என்றார். வரும் என்றேன். "பால் வண்டி வந்தா ரெண்டு மாடு வாங்கிக் கட்டிக்கலாம். எங்கூட்டுக்காரரு ஊரோட வந்துருவாரு. பையனுக்கும் ஒரு கலியாணத்தப் பண்ணிக் கண்ணு முன்னால வச்சுக்கலாம்." அவ்வளவு நாளில் அக்கா தன் வீட்டைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பிள்ளைகள் அக்கா என்றதால் நானும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தேன். அந்த வீட்டில் அவர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் குரலைத் தாழ்த்தி என் யோசனையைச் சொன்னேன். பூட்டிய வீட்டுக்காரர்கள் எல்லாருடைய பெயரும் வயதும் அக்காவுக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிவிடுகிறேன், ஊரில் ஆள் இருக்கிறார்கள் என்றுதானே ஊரே சொல்கிறது, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றேன். நேர்மை பற்றி வகுப்பில் கால் மணி நேரம் முழங்குகிற ஆள் நான். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "அவங்கள அங்க எண்ண மாட்டாங்களா சார்?" எண்ணுவார்கள், இருக்கும் இடத்தில் எழுதிக்கொள்வார்கள் என்றேன். "அப்ப ஒரே ஆளு ரெண்டு எடத்துல. அது திருட்டு இல்லீங்களா? திருடி வாங்கின ரோட்டுல நம்ம புள்ளைங்க ஸ்கூலுக்கு நடந்து வரணுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு அண்டாவிலிருந்து தலையை எடுக்காமலே, "எத்தன நாளு ஊர்ல இருந்தா எழுதலாம்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருக்குது?" என்றார்.

கணக்கெடுப்பு விதிகள் இருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஊரில் வீடு வைத்துக் குடியிருப்பவர் வேலைக்காக வெளியே போயிருந்தாலும், கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் திரும்பி வந்து அந்த வீட்டில் தங்கினால் அவரை இங்கேயே எழுதலாம். அந்த நாட்கள் முழுக்க வெளியிலேயே இருந்தால் மட்டும் கூடாது. அக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராகப் பூசாரி வீட்டுக்குப் போனார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் பின்னாலேயே போனேன்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், முடியும் வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வெளியூரில் இருப்பவர்கள் காப்புக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட வேண்டும். பெங்களூரில் எந்த மேஸ்திரி திட்டினாலும் அந்த ஊர்க்காரர்கள் மீறத் தயங்கும் ஒரே கட்டளை அது. வைகாசியில் கட்டும் காப்பை இந்த வருடம் மாசியிலேயே கட்டிவிடலாம் என்று அக்கா கேட்டார். பூசாரி துள்ளிக் குதித்துவிட்டார். "எங்கப்பன், பாட்டன் காலத்துலருந்து வைகாசி. சர்க்காருக்காரன் நோட்டத் தூக்கிக்கிட்டு வந்தா ஆத்தாளுக்கு மாசத்த மாத்தறதா?" என்று என் பக்கம் கையை நீட்டினார். நான் அக்காவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். "சர்க்காரு கேக்கலீங்க, நான்தான் கேக்கறேன்" என்றார் அக்கா. "உங்க பேத்தி நடக்கப் பழகிருச்சாம், தெரியுங்களா? போன்ல சொன்னாங்க. நீங்க இன்னும் மொகத்தக்கூடப் பாக்கல. ரோடு இல்லாத ஊருக்குக் கைக்கொழந்தையத் தூக்கியாற மாட்டேன்னு மருமவ சொல்றா. அவ சொல்றதுல என்னங்க தப்பு?" பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போனார். போனவர் சாமியிடம் பேசினாரோ தன்னிடமே பேசிக்கொண்டாரோ, மறுநாள் காலையில் தமுக்கடித்துச் சொன்னார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காப்பு.

ஊரில் செல்போன் சிக்னல் கிடைப்பது பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைமேல் மட்டும்தான். இரண்டு நாள் அக்கா அந்தப் பாறையில்தான் இருந்தார். சுவரில் உள்ள எண்களை நான் ஒரு தாளில் படங்களோடு வரைந்து கொடுத்தேன். என் ஆடு நாய் மாதிரி இருக்கிறது என்று திட்டு வாங்கினேன். ஒவ்வொருவரிடமும் அவர் ஒளிக்காமல் சொன்னார். "சாமிக்குக் காப்பு, ஊருக்குத் தலைக்கணக்கு. ரெண்டுக்கும் வரணும். வந்தாத்தான் ரோடு." வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று ஒருவர் இழுத்தபோது, "மேஸ்திரிகிட்டப் போனக் குடு" என்று வாங்கி, முகம் தெரியாத அந்த மேஸ்திரியை அவர் பேசிய பேச்சில் பாறைக்கு அடியில் மேய்ந்துகொண்டிருந்த மாடு நிமிர்ந்து பார்த்தது. எல்லாரிடமும் பேசி முடித்த பிறகுதான் தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அது மட்டும் சின்னப் பேச்சு. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் மண்பாதையில் ஒரு தலையும் தெரியவில்லை. நான் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது, கண்ணெல்லாம் ஜன்னலில்தான். மூன்று மணிக்கு மேல் ஓடைக்கு அந்தப் பக்கம் முதல் கூட்டம் தெரிந்தது. தலையில் பை, தோளில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் குடம். அதற்குப் பின்னால் இன்னொரு கூட்டம். பாடம் நடத்துவதை விட்டுவிட்டு நானும் பிள்ளைகளோடு ஓடினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அக்கா சமையல் கூடத்து ஜன்னலில் நின்று, வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார், ஒன்றுகூட மாறவில்லை. சாயங்காலம் இரண்டு தெருவிலும் எல்லாக் கூரையிலும் புகை வந்தது. பூசாரி வீட்டில் அந்தப் பேத்தி, தாத்தாவைப் பார்த்து அலறிய அலறல் பள்ளி வரைக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து நான் வீடு வீடாகப் போனேன். இந்த முறை கதவுகள் திறந்திருந்தன. வீட்டில் தங்கியிருக்கும் ஆளைக் கண்ணால் பார்த்து, மஞ்சள் கயிறு கட்டிய கையைப் பார்த்து எழுதினேன். கொட்டாயில் கன்னடம் பேசும் குடும்பம் ஒன்று, தாய்மொழி என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டதற்கு, "ஆட்டுகிட்டக் கன்னடம், உங்ககிட்டத் தமிழு" என்று சொல்லிச் சிரித்தது. தொழில் என்ற இடத்தில் பாதிப் பேர் விவசாயம் என்றே சொன்னார்கள். வருடத்தில் எட்டு மாதம் கம்பி கட்டுகிறீர்களே என்றால், "அது பொழைப்புங்க சார், தொழிலு இதுதான்" என்றார் ஒருவர். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை.

அக்காவின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஓட்டு வீடு, ஒரே அறை. பாயை விரித்து உட்காரச் சொன்னார். வீட்டில் வேறு யாரையும் காணவில்லை. அந்த வாரம் மாடித்தளம் கான்கிரீட் போடுகிறார்கள், கம்பிக்காரரும் சென்ட்ரிங்காரரும் நகர முடியாது, வர மாட்டார்கள் என்றார். பாறைமேல் பேசிய அந்தச் சின்னப் பேச்சு அதுதான். எனக்கு மனசு ஆறவில்லை. மொத்தம் எவ்வளவு தேறும் என்று இன்னும் கூட்டவும் இல்லை. "அக்கா, வர்றதாத்தான இருந்தாங்க. ரெண்டு பேர் பேரையும் எழுதிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். "எனக்குத் தெரியுமில்லீங்க. நான் கூப்ட்டேன்னு ஊரே வேலைய வுட்டுட்டு வந்து நிக்குது. அவங்களுக்கெல்லாம் நெசம், எங்க வூட்டுக்கு மட்டும் பொய்யா? வேணாங்க சார். அவங்கள அங்க எழுதிக்குவாங்க." குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். மொத்த உறுப்பினர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். ஓர் ஊரையே வீட்டுக்கு வரவழைத்த மனுஷியின் வீட்டில் அந்த ஒன்றை எழுத என் கைக்கு நேரம் பிடித்தது.

பள்ளிக்குத் திரும்பி மூன்று முறை கூட்டினேன். ஓவர்சீயர் சொன்ன தொகையைத் தாண்டியிருந்தது. அதிகமில்லை, ஒரு சின்னக் குடும்பத்தின் அளவுக்கு. முப்பது வருட வேலையில் எத்தனையோ படிவங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பெயர்கூடப் பொய் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திப் போட்ட கையெழுத்து அது. மூன்றாவது வருடம் சாலை வந்தது, ஓடைக்கு மேலே சின்னப் பாலத்தோடு. அதற்கடுத்த வருடம் பால் வண்டி வந்தது. எனக்குப் பென்னாகரம் பக்கம் மாற்றல் கிடைத்தபோது, முன்பு சபித்துக்கொண்டு போன அந்த ஊரை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் கிளம்பினேன்.

இப்போது மறுபடியும் கணக்கெடுப்பு. நான் ஓய்வு பெற்றுப் பென்னாகரத்தில் இருக்கிறேன். இந்த முறை படிவம் இல்லை, எல்லாம் செல்போனில் என்று கேள்விப்பட்டு, எப்படித்தான் எழுதுகிறார்கள் பார்ப்போம் என்று மினி பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். பள்ளி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். அக்கா வீட்டு முன்னால் இரண்டு கறவை மாடுகள். ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் தளம் போட்ட புது அறை. வீட்டுக்காரரும் மகனும் தங்கள் கையாலேயே கம்பி கட்டிச் சென்ட்ரிங் அடித்துப் போட்டது. கணக்கெடுக்க வந்த இளம் ஆசிரியை போனைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவர், கூரை, தரை, தண்ணீர். எத்தனை பேர் என்றதற்கு, "அஞ்சு பேரு கண்ணு" என்றார் அக்கா. அவர், வீட்டுக்காரர், மகன், மருமகள், பேரன். ஐந்து பேரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

அந்தப் பெண் போன பிறகு அக்கா எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, எதிரில் உட்கார்ந்தார். "சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? போன தடவ எங்க வூட்டு ஆளுங்க ரெண்டு பேரையும் எங்கயுமே எண்ணல" என்றார். எனக்குப் புரியவில்லை. மாடித்தளம் முடிந்த கையோடு மேஸ்திரி அவர்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டாராம். பழைய இடத்துக்குக் கணக்கெடுக்க வந்தபோது இவர்கள் அங்கே இல்லை. புது இடத்துக்கு இவர்கள் போனபோது அங்கே எண்ணி முடித்துவிட்டார்கள். மாசித் திருவிழாவுக்கு வர முடியாததால் வழக்கம்போல வைகாசியில் ஊருக்கு வந்தபோதுதான் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அத்தனை கோடி பேரை எண்ணிய நாட்டில் அந்த இரண்டு பேர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் பெயரை எழுத நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே வீட்டில் இப்போது காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல அக்கா?"

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? குடுத்த ஃபாரத்தத் திருப்பி வாங்கி எழுதறேன்னு போய் நிப்பீங்க, வேலைக்கே ஒல வச்சுக்குவீங்க" என்று சிரித்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், மகன் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கணக்குல இல்லாட்டி என்னங்க சார். இந்த ரோட்டுக்கு மொத லாரி ஜல்லிய எறக்கிக் கொட்டுனதே அவங்க ரெண்டு பேருதான்."